நாற்பத்து மூன்று நிமிட ஒட்டு

அக்கா சம்மதித்துவிட்டாள் என்று ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி, கையுறைகளை மேசைமேல் எறிந்துவிட்டு, மாடியறையிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து, மனைவியிடம் "முடிச்சிட்டேன்" என்றேன். ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி.

"மூணு வாரமா டாக்டர் சொல்லி ஆகலை. அவ கூட வேலை செய்றவங்க சொல்லி ஆகலை. நான் ஒரு மணி நேரம் பேசினேன், ஆச்சு."

"உங்க வாய்க்கு அவ்வளவு மவுசா? வீட்டுல யாருக்கும் தெரியலையே" என்றாள் மனைவி. அன்றிருந்த மிதப்பில் அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இருபத்தொன்பது வருடமாக நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளை இறக்குகிறாள். காற்றிலும் இரைச்சலிலும் கத்திக் கத்தி அவளுடைய சாதாரணப் பேச்சே மற்றவர்கள் போடும் சண்டை அளவுக்கு இருக்கும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். எங்கள் பெற்றோர் போன பிறகு எனக்கென்று மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான்; அவளுக்கும் நான் ஒருவன்தான். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால் "கீழ இறங்கி வர நேரம் இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

இந்த வருடம் ஒரு நாள் ஏணியில் ஏறும்போது அவளுக்குத் தலை சுற்றியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் இடது பக்கம் பட்டாணி அளவுக்கு வீங்கியிருந்தது. எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெடித்தால் மருத்துவமனைக்குத் தூக்கி வர நேரம் இருக்காது. அறுவை சிகிச்சைக்கு வியாழக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அறுவை சிகிச்சை நிபுணர் அந்த ஊருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அக்கா "வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டால், "வேண்டாம்னா வேண்டாம்."

நான் இருப்பது அங்கிருந்து விமானத்தில் ஒன்பது மணி நேர தூரத்தில். போய்ப் பார்த்து நாலு வருடம் ஆகிவிட்டது. போகவில்லையே என்று எனக்கு உறுத்தியதும் இல்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை. ஏனென்றால், போகாமலே போய் வரும் சாதனத்தைச் செய்கிறவனே நான்தான்.

எங்கள் நிறுவனம் செய்வது இதுதான்: இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவருக்கும் ஹெட்செட், கையுறை, அறையின் நாலு மூலையிலும் கேமரா, எல்லாவற்றையும் இயக்க ஒரு பெட்டி. மாட்டிக்கொண்டால் மற்றவர் எதிரே, அதே அறையில், முழு ஆளாக உட்கார்ந்திருப்பார். கை நீட்டினால் கை தட்டுப்படும். உள்ளங்கைச் சூடு, விரல் அழுத்தம், எல்லாம் வரும். ஊழியர்களின் குடும்பங்களுக்குச் சோதனைக்காக நாற்பது செட் கொடுத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா வீட்டுச் சாமான் அறையில் ஒன்றைப் பொருத்தினோம். அவள் அதைக் கூண்டு என்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூண்டில் சந்திப்போம். நெம்புகோல் பிடித்துக் காய்த்துப்போன அவளுடைய கையை, அந்தக் காய்ப்பு உட்பட, நான் இங்கிருந்தே தொட்டுப் பார்ப்பேன். இதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

இந்த வேலையில் எங்களுக்கு ஒரே எதிரி தாமதம். ஒன்பது மணி நேர தூரத்தைச் சமிக்ஞை தாண்டி வருவதற்குள் ஒரு நொடியில் கொஞ்சம் தொலைந்துபோகும். படம் ஒரு கணம் உறைந்தால் போதும், எதிரே இருப்பது அக்கா இல்லை, வெளிச்சம் என்று மனசுக்குத் தெரிந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்க நான் எழுதியதுதான் 'ஒட்டு'. சட்டை கிழிந்தால் ஒட்டுப் போடுவதில்லையா, அது மாதிரி. ஆள் அடுத்து எப்படி அசைவார், என்ன சொல்லி முடிப்பார் என்று அவருடைய பழைய பேச்சிலிருந்து ஊகித்து இட்டு நிரப்பும். இணைப்பு அறும்போதுதான் அதற்கு வேலை என்பதால், இரண்டு பக்கப் பெட்டியிலும் தனித்தனியாகவே இருக்கும். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும் ஒரு சிரிப்பு முகமும் ஒரு அழுமூஞ்சியும் திரையில் வரும். எது பிடித்ததோ அதை அழுத்துவோம். சிரிப்பு முகம் எதற்கெல்லாம் விழுந்தது என்று ஒட்டு கற்றுக்கொண்டே இருக்கும். அதற்கு நான் வைத்த எல்லை, ஒரு நொடியில் பத்தில் நாலு பங்கு. அதற்கு மேல் போனால் கண் ஓரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து படம் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் வழக்கம்போலச் சண்டையில்தான் ஆரம்பித்தோம்.

"நீ என்ன பெரிய டாக்டரா? மடையா, போய் உன் பொம்மையைக் கட்டிக்கிட்டு அழு" என்றாள்.

"நீ எப்பவும் இப்படித்தான். யார் சொன்னாலும் கேக்க மாட்ட" என்று நானும் கத்தினேன்.

அதன் பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தாள். நான் புள்ளிவிவரம் சொன்னேன், தலையாட்டினாள். அப்பா அம்மாவை இழுத்தேன், கண் கலங்கினாள். கடைசியில் என் கையை அழுத்திப் பிடித்து, "சரிடா. உனக்காகப் பண்ணிக்கறேன். கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள். "நீ நல்லாப் பேசறடா" என்றுகூடச் சொன்னாள். முதல் பத்து நிமிடத்துக்கு அப்புறம் அவள் என்னை ஒரு தடவைகூட மடையா என்று கூப்பிடவில்லை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புகழ்ச்சிக்கு மயங்காதவன் யார்?

மறுநாள் அவளுக்கு "ரொம்ப சந்தோஷம் அக்கா" என்று செய்தி அனுப்பினேன். "எனக்கும்தான்டா" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை போய் நாலு நாள் இருந்துவிட்டு வர டிக்கெட் போட்டேன்.

புதன்கிழமை காலை அலுவலகத்தில் உட்காரக்கூட இல்லை, கடிகாரம் என் மேசைக்கு வந்து நின்றாள். இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அவள். நொடியை ஆயிரமாகக் கிழித்து எண்ணுகிறவள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், ஞாயித்துக்கிழமை உங்க அக்காகிட்ட எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும். ஏன்?"

"அம்பத்திரண்டு நிமிஷம். அதுல இணைப்பு இருந்தது ஒம்பது நிமிஷம்தான் சார்."

எனக்குப் புரியவில்லை. கையிலிருந்த தாளை என் முன்னால் வைத்தாள். பச்சைக் கோடு ஒன்று ஒன்பதாவது நிமிடம் வரை ஓடி, அங்கே செத்துக் கிடந்தது. அதற்கப்புறம் தாளின் கடைசி வரை வெறும் வெள்ளை.

"அவங்க தெருவுல கேபிள் அறுந்திருக்கு. மறுநாள் காலையிலதான் சரி பண்ணியிருக்காங்க."

"அது எப்படி? நான் பேசினேனே. கையைப் பிடிச்சேனே."

"மஞ்சள் விளக்கு எரிஞ்சுதா சார்?"

எரியவில்லை. ஏன் எரியவில்லை என்பது அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. 

போன வியாழக்கிழமை முதலீட்டாளர்கள் வந்தார்கள். பெரியவர் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் தலைவர், "இன்னிக்கு அந்த மஞ்சள் சனியன் ஒரு தடவைகூட எரியக் கூடாது" என்றார். நான் ஒட்டின் எல்லையை எடுத்துவிட்டு விளக்கையும் அணைத்தேன். அப்படி எதையாவது தளர்த்தினால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தளர்த்தியவர் தன் அடையாள அட்டையைச் சர்வர் அறைக் கதவில் இருக்கும் ஆணியில் மாட்ட வேண்டும். பழையபடி வைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது, ஆகவே யாரும் மறக்க முடியாது. கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் அட்டை இல்லாமல் கழிப்பறைக் கதவும் திறக்காது. முதலீட்டாளர்களுக்குச் செய்துகாட்டி முடித்ததும் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நிமிடம்தானே என்று அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெளியே வந்தபோது பெரியவர் தோளில் கை போட்டு, படம் எடுக்கவும் கேக் வெட்டவும் இழுத்துப் போய்விட்டார். அட்டை என் பையிலேயே இருந்தது. ஆணி காலியாக இருந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். எல்லையில்லாத அந்த ஒட்டு தானாகவே நாற்பது வீட்டுப் பெட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. உலகத்துக்கே பூட்டுப் போட்டவன், ஒண்ணுக்குப் போன இடத்தில் சாவியைத் தொலைத்தேன்.

"இந்த ஆறு நாள்ல பதினொரு வீட்டுல இப்படி நடந்திருக்கு சார்" என்றாள் கடிகாரம். அவளுடைய விரல் பட்டியலில் மேலிருந்து கீழே நகர்ந்தது. வெளிநாட்டில் இருக்கும் தன் கணவனின் பெட்டி எண்ணைத் தேடுகிறாள் என்று புரிந்தது. கடைசி வரிக்கு வந்ததும் பெருமூச்சு விட்டாள். அவன் எண் அதில் இல்லை.

அதற்குள் விஷயம் பெரியவர் காதுக்குப் போய், அவர் அறையிலிருந்து ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"நாப்பத்து மூணு நிமிஷம்! செஞ்சவன் நீயே கண்டுபிடிக்கலையே! இதுக்கு மேல என்னய்யா சோதனை வேணும்?"

அவரை அறைந்திருப்பேன். கை எழவில்லை. வீடு எரியும்போது குளிர்காய வருகிறவனை நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போது ஒரே ஒரு நினைப்புதான். சம்மதம் சொன்னது அக்கா இல்லை என்றால், கையெழுத்து? மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அந்த வார்டின் நர்ஸ் அக்காவின் பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ புரட்டினார்.

"அவங்க நேத்தே நேர்ல வந்து, ஆப்பரேஷன் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே. சிரிச்சுக்கிட்டே கொடுத்தாங்க. தம்பிக்கும் தெரியும், அவனே சரின்னுட்டான்னு சொன்னாங்க. நீங்கதானே அந்தத் தம்பி?"

 இன்னும் மாற்ற முடியுமா என்று கேட்டேன். அஞ்சு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் பெயரைச் சேர்க்கலாம், அப்புறம் அடுத்த நோயாளிக்குப் போய்விடும் என்றார். அக்காவின் ஊரில் அப்போது மணி இரண்டேகால்.

நான் சரி என்று சொன்னேனா? எப்போது சொன்னேன்? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தப் பக்கம் எனக்கு ஒரு ஒட்டு அக்கா கிடைத்த மாதிரி, அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு ஒட்டுத் தம்பி கிடைத்திருக்கிறான்.

அவள் வீட்டுப் பெட்டியின் பதிவைக் கடிகாரம் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தானாகவே நகர்ந்து போய்விட்டாள். காதில் மாட்டிக்கொண்டேன். ஒன்பதாவது நிமிடம் வரை எங்கள் சண்டை. "நீ எப்பவும் இப்படித்தான்" என்று நான் கத்துவது வரை நானேதான். அதற்கு அடுத்த மூச்சில் என் குரல் தணிந்தது.

"சரிக்கா. நான் கத்தல. நீ சொல்லு. பயமா இருக்கா?"

நான் என் வாழ்நாளில் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கிரேன் மேல் ஏறுகிறவளிடம் யார் கேட்பார்கள்?  அக்கா எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு சின்னக் குரலில் பேசினாள்.

"இருக்குடா. சாவறதுக்கு இல்ல. அந்தக் குழாய் பேச்சு வர்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்காம். எட்டு பேர்ல ஒருத்தருக்குப் பேச்சே போயிடுமாம். டாக்டர் உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

"பேச்சு போயிட்டா நீ எதுக்குடா வரப்போற? இந்தக் கூண்டுல நாம பேசத்தானே செய்யறோம். நான் பேசாம பொம்மை மாதிரி ஒக்காந்திருந்தா எத்தனை ஞாயித்துக்கிழமை வருவ? ரெண்டு? மூணு?"

"நான் அங்கேயே வந்துடறேன்கா" என்றது என் குரல்.

"என்னது?"

"வேலையை விட்டுட்டு வந்துடறேன். வெள்ளிக்கிழமை வரேன். இனிமே திரும்பிப் போகல."

"போடா, பொய் சொல்லாத."

"பொய் இல்லக்கா."

அக்கா சிரித்தாள். நாற்பது மீட்டருக்குக் கேட்கும் சிரிப்பு. "அப்படின்னா எனக்கு எந்த ஆப்பரேஷனும் வேணாம். இருக்கற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கலாம். சரியா?"

"சரிக்கா. உனக்கு வேணாம்னா வேணாம்."

மிச்ச அரை மணி நேரமும் எனக்கு எந்த அறை, ஜன்னல் பக்கம் கட்டிலா மேசையா என்ற பேச்சுதான். "உன் பொண்டாட்டி ஒத்துக்குவாளா?" என்று கேட்டாள். "ஒத்துக்குவா" என்றான் அவன். முடிவில் அக்கா சிரிப்பு முகத்தை அழுத்தியிருந்தாள். நானும் என் பக்கத்தில் அதையேதான் அழுத்தியிருந்தேன். அவளுக்கு வேண்டியதை அவளுக்கும், எனக்கு வேண்டியதை எனக்கும் கொடுத்து, இரண்டு பேரையும் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது நான் பெற்ற பிள்ளை.

படிக்கட்டுக்குப் போய், சாதாரணப் போனில் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஊரில் மணி மூன்றேகால். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடா, பெட்டி கட்டிட்டியா? உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டிருக்கேன். மூக்கெல்லாம் வெள்ளை."

"அக்கா, நீ ஒக்காரு. ஒண்ணு சொல்லணும். ஞாயித்துக்கிழமை உன்கிட்ட பேசினது முழுக்க நான் இல்ல."

"பட்டப்பகல்லயே குடிச்சிருக்கியா?"

சொன்னேன். கேபிள் அறுந்ததை, ஒட்டை, ஆணியை, எல்லாவற்றையும். திக்கித் திணறி, முன்னுக்குப் பின் முரணாக. அவள் குறுக்கே பேசவே இல்லை. அக்கா குறுக்கே பேசாமல் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்தது அன்றைக்குத்தான்.

"ஆமா" என்றாள் கடைசியில். "அன்னிக்கு ரோட்டைத் தோண்டினானுங்க. டிவிகூட வரல. நீ மட்டும் வந்த. பரவால்லயே, என் தம்பி செஞ்சது உசத்தின்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்தேன்."

"அக்கா..."

"பயமா இருக்கான்னு கேட்டியே. அது?"

"நான் இல்லக்கா."

"அப்போ நான் யார்கிட்டடா சொன்னேன் அதெல்லாம்?"

 சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது. "இப்ப நான் கேட்டேன்கா, பதிவுல முழுசாக் கேட்டேன். உனக்குப் பேச்சு வந்தாலும் வராட்டாலும் நான் வருவேன். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட்டே போட்டிருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

சட்டென்று சொல்லியிருக்கலாம். இனிமே அங்கேதான் என்று சொல்லியிருக்கலாம். மனைவியின் வேலை, வீட்டுக் கடன், பெரியவர், பதினொரு வீடு, எல்லாம் வரிசை கட்டி வந்து முன்னால் நின்றன. எவ்வளவு நேரம் நின்றன என்று தெரியாது. போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"முதல்ல ஒரு நாலு நாள்... அப்புறம் லீவு கேட்டு..."

"அவன் யோசிக்கவே இல்லடா" என்றாள் அக்கா.

"அது மெஷின்கா. அதுக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிடும்."

"தெரியுதுடா. இப்பதானே சொன்ன." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். தூரிகையை வாளியில் போடும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து கை கழுவினாள்.

"அஞ்சு மணிக்குள்ளதானே? வண்டி பிடிச்சுப் போனா நாலரைக்குப் போயிடலாம்" என்றாள். "கையெழுத்துப் போடறேன். இனிமே பேச்சு இருந்தா என்ன, போனா என்ன."

போனை வைத்துவிட்டாள். மூன்று வாரமாக நான் கெஞ்சிக் கேட்ட சம்மதம் இதுதான். இந்தத் தடவை அதைச் சொன்னது அக்காவேதான்.